சிறப்பு மருத்துவருடன் காணொளி ஆலோசனை: செலவு எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது

சிறிய மருத்துவமனை ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கும் நீங்கள், எலும்பு, தோல், நரம்பியல் ஆகிய துறைகளின் சிறப்பு மருத்துவர்கள் தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையில் இருந்தபடியே உங்கள் நோயாளிகளைக் காணொளியில் பார்க்க ஏற்பாடு செய்யலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதனால் உண்மையிலேயே செலவு குறையுமா, இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது உங்கள் கேள்வி. மருத்துவச் செலவுக் கணக்குகளோடு பல ஆண்டுகளாகப் பழகியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில இடங்களில் நன்றாகவே குறைகிறது, சில இடங்களில் கூடுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் கருவியின் விலை பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. காணொளியில் நடந்த ஆலோசனையோடு அந்த நோயாளியின் அன்றைய பிரச்சினை முடிந்துவிடுகிறதா, அல்லது அவர் எப்படியும் நேரில் வர வேண்டியிருக்கிறதா என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். 'செலவு குறைவு' என்பதும் 'செலவுக்கேற்ற பயன்' என்பதும் வேறு வேறு. காணொளியிலும் நேரிலும் நோயாளியின் உடல்நிலை ஒரே அளவு தேறுகிறது என்று தெரிந்துவிட்டால், எது மலிவு என்று பார்த்தாலே போதும். பயனும் மாறும் என்றால், கூடுதலாகச் செலவிட்ட தொகைக்கு எவ்வளவு கூடுதல் நலம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொருளாதார அறிஞர்கள் பயன்படுத்தும் அளவுகோல், வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஓராண்டு ஆயுள். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஓராண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவிடலாம் என்பது நீண்ட காலம் வழக்கத்தில் இருந்த வரம்பு. நாள்பட்ட நோயாளிகளை வீட்டிலேயே கருவிகள் வைத்துக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றை அங்கே பெரிய அளவில் சோதித்தபோது, அதே ஓராண்டுக்கு ஏறத்தாழ 92,000 பவுண்டு ஆகிறது என்று 2013இல் கணக்கு வந்தது. அது காணொளி ஆலோசனையைப் பற்றிய ஆய்வன்று என்றாலும், தொலைமருத்துவம் என்றாலே மலிவு என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர்களை அது நிதானிக்க வைத்தது.

காணொளியில் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது பற்றிய ஆய்வுகளில், இன்றும் கவனமாகப் படிக்க வேண்டியதாக நான் கருதுவது இங்கிலாந்தில் இரண்டு இடங்களில், ஏறத்தாழ 2,100 நோயாளிகளை வைத்து நடந்து, 2002இலும் 2003இலும் வெளியான ஒரு ஆய்வு. நோயாளி தன் குடும்ப மருத்துவரின் அறையில் அவருடனேயே உட்கார்ந்திருக்க, சிறப்பு மருத்துவர் மருத்துவமனையிலிருந்து திரையில் தோன்றி மூவரும் சேர்ந்து பேசுவார்கள். இன்னொரு பாதி நோயாளிகள் வழக்கம்போல மருத்துவமனைக்குப் போய்ச் சிறப்பு மருத்துவரைப் பார்த்தார்கள். காணொளியில் பார்த்தவர்களுக்குத் திருப்தி அதிகமாக இருந்தது. அவர்களுக்கு எழுதப்பட்ட பரிசோதனைகளும் குறைவாக இருந்தன. ஆனால் 'மறுபடியும் வாருங்கள்' என்று சொல்லப்பட்டவர்கள் காணொளிப் பிரிவில் 52 விழுக்காடு, நேரடிப் பிரிவில் 41 விழுக்காடு. ஆறு மாதச் செலவு நோயாளி ஒருவருக்குக் காணொளியில் 724 பவுண்டும் நேரடி முறையில் 625 பவுண்டும் ஆனது. கூடுதல் செலவு முழுக்க அந்த முதல் ஆலோசனையிலேயே விழுந்திருந்தது.

காரணம் வெளிப்படையானது. நேரடி முறையில் ஒரு மருத்துவரின் நேரம் செலவாகும் இடத்தில், இங்கே இருவரின் நேரம் செலவானது. குடும்ப மருத்துவர் தன் அறையில் அடுத்த நோயாளியைப் பார்க்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்துக் கருவிகளும் விலை உயர்ந்தவைதான். இன்று கைப்பேசியிலேயே நல்ல படம் வருகிறது என்பதால் கருவிச் செலவு ஏறத்தாழ மறைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் மருத்துவரின் ஒரு நிமிடம் அன்றும் ஒரு நிமிடம்தான், இன்றும் ஒரு நிமிடம்தான். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வு இன்றைக்குப் பொருந்தாது என்று வாதிடுவோரிடம் நான் இதைத்தான் சொல்வேன்: விலை குறைந்தது சிறிய பகுதியில்; பெரிய பகுதி அப்படியே இருக்கிறது.

இதே ஆய்வில் நோயாளிகளின் கைச்செலவில் சராசரியாக 8 பவுண்டு மிச்சமானது. வேலை நேர இழப்பிலும் 11 பவுண்டு அளவுக்கு மிச்சம் இருந்தது. மருத்துவ அமைப்புக்கு ஆன கூடுதல் செலவு 99 பவுண்டு என்பதால் இது ஈடாகவில்லை. ஆனால் அந்த நோயாளிகள் மருத்துவமனையிலிருந்து அவ்வளவு தொலைவில் வாழ்ந்தவர்கள் அல்லர். தொலைவு கூடக்கூட இந்தத் தராசு வேறு பக்கம் சாயும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் தொலைமருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கில், ஒவ்வொரு ஆலோசனைக்கும் சராசரியாக 145 மைல் பயணமும் 142 நிமிடமும் மிச்சமாயின. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில், நரம்பியல் நிபுணரை வீட்டிலிருந்தே பார்த்தவர்களுக்கு ஒரு ஆலோசனைக்கு 88 நிமிடமும் 38 மைலும் மிச்சம் என்பது இடைநிலை அளவு; அதாவது பாதிப்பேருக்கு அதைவிடக் கூடுதல், பாதிப்பேருக்கு அதைவிடக் குறைவு. வாழ்க்கைத் தரத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நடக்கவே தடுமாறுகிற ஒருவருக்கு அந்த 88 நிமிடம் வெறும் நேரமாக இராது. அவரைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றி இறக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரின் ஒரு நாள் சம்பளமும் அதில் அடங்கியிருக்கிறது. துணைக்கு வருபவரின் செலவைச் சேர்க்காமல் போடப்பட்ட கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எந்த ஆலோசனை காணொளியிலேயே முடியும், எது முடியாது என்பதை நான் புரிந்துகொண்டது, காணொளி ஆலோசனை நடக்கும் அறை ஒன்றில் ஒரு காலைப்பொழுது முழுக்கக் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான். முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஆறாவது வாரத்தில் ஒரு அம்மையார் வந்திருந்தார். செவிலியர் கேமராவைத் தாழ்த்தித் தழும்பைக் காட்டினார். கோணம் அளக்கும் கருவியை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, காலை மடக்கச் சொல்லி, 'நூற்றைந்து' என்று உரக்கப் படித்தார். திரையில் இருந்த மருத்துவரிடம் எக்ஸ்ரே படம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. 'மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள், அம்மா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அந்த அம்மையாருக்கு ஒரு நாள் பயணம் மிஞ்சியது.

அடுத்து வந்தவருக்குத் தோள்வலி. எக்ஸ்ரே எடுக்கவில்லை. திரையில் இருந்த மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார், முதுகுப்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். மருத்துவருக்கோ தன் கையால் எதிர்த்து அழுத்தி, எந்தத் தசைநாண் வலுவிழந்திருக்கிறது என்று உணர வேண்டியிருந்தது. பதினான்கு நிமிடம் பேசிய பிறகு 'நேரில் ஒருமுறை வந்துவிடுங்கள்' என்று முடித்தார். அந்தப் பதினான்கு நிமிடமும் செவிலியரின் நேரமும் நேரடி ஆலோசனையின் செலவோடு அப்படியே சேர்ந்துவிட்டன. இவ்வளவுக்கும் மருத்துவரும் அதே மருத்துவர், கருவியும் அதே கருவி, அறையும் அதே அறை.

இதை எளிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் காணொளியில் ஆலோசனை பெறுகிறார்கள், அவர்களில் முப்பது பேர் எப்படியும் நேரில் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தவிர்த்தது எழுபது நேரடி ஆலோசனைகளை. செலவிட்டது நூறு காணொளி ஆலோசனைகளுக்கு. எனவே ஒரு காணொளி ஆலோசனையின் செலவு நேரடி ஆலோசனையின் செலவில் எழுபது விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் மருத்துவமனைக்கு மிச்சம் உண்டு. சிறப்பு மருத்துவரின் நேரமே செலவின் பெரும்பகுதி, அது திரையில் சுருங்குவதும் இல்லை என்னும்போது, இந்த எழுபது விழுக்காடு எவ்வளவு கடினமான இலக்கு என்பது உங்களுக்கே விளங்கும். மீண்டும் வர வேண்டியவர்கள் பத்துப் பேர்தான் என்றால் தொண்ணூறு விழுக்காடு வரை செலவானாலும் நட்டமில்லை. ஆகையால் நோயாளிகளை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம், மலிவான மென்பொருளைத் தேடுவதில் காட்டும் கவனத்தைவிடப் பல மடங்கு பணத்தை மிச்சப்படுத்தும்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கிய சான்று நார்வேயிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் வடகோடியில் உள்ள திரோம்சோ நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்கள், தொலைவிலுள்ள வட்டார மருத்துவ மையத்துக்கு வரும் நோயாளிகளைக் காணொளியில் பார்த்தார்கள். நோயாளிக்கு அருகில் பயிற்சி பெற்ற செவிலியர் இருந்தார். நோயாளிகள் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் காணொளி, நேரடி என இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர்; உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2019இல் வெளியான செலவுக் கணக்கின்படி, சமூகம் முழுவதன் செலவையும் பார்த்தால் ஆண்டுக்கு 151 ஆலோசனைகளுக்கு மேல் நடந்தால் காணொளி முறை மலிவு. மருத்துவத் துறையின் செலவை மட்டும் பார்த்தால் அந்த எண் 183. ஆண்டுக்கு 300 ஆலோசனைகள் நடந்தால் சமூகத்துக்கு ஏறத்தாழ 18,600 யூரோ மிச்சம்.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அறை, கருவி, பயிற்சி, பராமரிப்பு என்று ஒருவர் வந்தாலும் முன்னூறு பேர் வந்தாலும் மாறாத நிலையான செலவு ஒன்று உண்டு. அதை, ஒரு ஆலோசனைக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால் வருவதே, எந்த எண்ணிக்கைக்கு மேல் மிச்சம் தொடங்குகிறது என்று காட்டும் அந்தத் தொடக்க எண். வாரத்துக்கு மூன்று பேர் என்ற அளவுகூட இல்லாத துறைக்குத் தனி அறையும் தனி ஆளும் வைத்தால் கணக்கு நேராகாது. இரண்டாவது செய்தி, 151க்கும் 183க்கும் இடைவெளி ஏன் இவ்வளவு குறைவு என்பது. நார்வேயில் நோயாளியின் பயணச் செலவைப் பெரும்பாலும் பொது மருத்துவ அமைப்பே ஏற்கிறது. எனவே பயணம் தவிர்க்கப்பட்டால் மிச்சமாகும் பணம், காணொளிக்குச் செலவிட்ட அதே பைக்கே திரும்புகிறது. நோயாளியே தன் கையிலிருந்து பயணச் செலவைப் போடும் இடங்களில் மருத்துவமனைக்குச் செலவு, குடும்பத்துக்கு மிச்சம் என்று ஆகிவிடும். அந்தக் குடும்பங்களின் மிச்சத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யாவிட்டால், மக்களுக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும் சேவை இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோகும்.

ஆய்வுகளை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவும் இதையொட்டியே இருக்கிறது. 2002இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 612 கட்டுரைகளைப் பரிசீலித்தது; உண்மையான செலவு விவரம் அவற்றில் 55இல்தான் இருந்தது, தரத் தேர்வில் தேறியவை 24. தொலைமருத்துவம் செலவுக்கேற்ற பயன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று அது முடித்தது. 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தொகுப்பும், மருத்துவ அமைப்பின் செலவைத் தொலைமருத்துவம் வழக்கமாகக் குறைப்பதில்லை என்றே சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ மலிவான பிறகும் நிலைமை இப்படி என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பக்கவாதத்தின் கதை வேறு. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டவருக்குக் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான மதிப்பீடு. நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனையில், அவர் திரையில் தோன்றி நோயாளியின் முகத்தையும் கையையும் பேச்சையும் பார்த்து, மூளையின் சி.டி. படத்தையும் பார்த்து, மருந்தைக் கொடுக்கலாமா என்று முடிவு சொல்கிறார். 2011இல் வெளியான ஒரு அமெரிக்கக் கணக்கீட்டில், முதல் 90 நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் தரமான ஓராண்டு ஆயுளுக்கு 1,08,363 டாலர் செலவானது. அதே நோயாளிகளின் வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தபோது அது 2,449 டாலராக இறங்கியது. மருந்தும் நிபுணரின் கட்டணமும் முதல் நாளிலேயே செலவாகிவிடுகின்றன. ஊனமின்றி எழுந்து நடப்பவர் பல ஆண்டுகளுக்குப் பராமரிப்பு தேவைப்படாமல் வாழ்வதால் வரும் மிச்சம் மெல்ல மெல்லத்தான் சேர்கிறது. உங்கள் குழுவில் யாராவது மூன்று மாத வரவு செலவை வைத்து நரம்பியல் காணொளி நட்டம் என்று சொன்னால், இந்த இரண்டு எண்களையும் அவர்முன் வையுங்கள்.

மிச்சக் கணக்கில் அடிக்கடி நுழையும் இரண்டு தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, எளிதாகக் கிடைப்பதாலேயே ஆலோசனைகளின் எண்ணிக்கை கூடுவது. அமெரிக்காவில் சளி, இருமல் போன்ற மூச்சுப்பாதைத் தொல்லைகளுக்கு நேரடியாக மருத்துவரைத் தொலைபேசியிலும் காணொளியிலும் அழைக்கும் சேவையை ஆராய்ந்து 2017இல் வெளியான கணக்கில், 12 விழுக்காடு அழைப்புகள் மட்டுமே நேரடி வருகைக்கு மாற்றாக அமைந்தன. மற்ற 88 விழுக்காடும் புதிய ஆலோசனைகள். ஒரு பயனாளிக்கு ஆண்டுச் செலவு 45 டாலர் கூடியது. அது சிறப்பு மருத்துவரைப் பற்றியதன்று. சிறப்பு மருத்துவரைப் பொறுத்தவரை, பரிந்துரை வழியாக மட்டுமே சந்திப்பு என்ற ஒழுங்கு இருந்தால் இந்த வெள்ளம் அவ்வளவாகப் பெருகாது. அத்துடன், புதிய ஆலோசனை எல்லாமே வீண் என்று நான் எண்ணவில்லை. இதுவரை தோல்நோய் மருத்துவரைப் பார்க்கவே வழியில்லாதவர் முதல்முறை பார்த்தால், அது செய்யத்தக்க செலவு. அதைப் புதிய சேவைக்கான செலவு என்று எழுதுங்கள். மிச்சம் என்று எழுதாதீர்கள். மற்றொரு தவறு, தவிர்க்கப்பட்ட நேரடி வருகை ஒவ்வொன்றையும் பணமாக வரவு வைப்பது. பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு இடம் காலியானால் அந்தப் பிரிவின் சம்பளமும் மின்கட்டணமும் குறைந்துவிடுவதில்லை. வரிசையில் காத்திருக்கும் வேறொருவர் அந்த இடத்துக்கு வருகிறார். அவருக்கு அது பெரிய நன்மைதான், ஆனாலும் வரவு செலவு ஏட்டில் பணமாகத் தென்படாது.

காணொளியை வேறு விதமாகப் பயன்படுத்துவதையும் உங்கள் குழு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா, சி வகைக் கல்லீரல் அழற்சி நோயாளிகளைத் தானே ஒவ்வொருவராகப் பார்ப்பதற்குப் பதிலாக, சிற்றூர் மருத்துவர்களை வாரந்தோறும் காணொளியில் கூட்டி, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசி, அவர்களே சிகிச்சை அளிக்கும்படி பழக்கினார். 'எக்கோ' என்ற அந்தத் திட்டத்தின் 407 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் நேரில் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 விழுக்காட்டினரும், சிற்றூர்களிலும் சிறைகளிலும் அந்த மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். இங்கே நிபுணரின் ஒரு மணி நேரம் பல மருத்துவர்களுக்குப் பயன்படுகிறது. நேரத்தின் விலைதான் முதன்மைத் தடை என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தத் தடையைத் தாண்டுவதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது. தோல்நோய்க்கும் இதையொத்த எளிய வழி உண்டு. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களையும் நோய் வரலாற்றையும் அனுப்பிவைத்து, மருத்துவர் தமக்கு ஓய்வு கிடைக்கும்போது பார்த்துப் பதில் எழுதினால், இருவரும் ஒரே நேரத்தில் திரைக்கு முன் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் மூன்று துறைகளில், எலும்புப் பிரிவில் அறுவைக்குப் பிந்தைய தொடர் ஆலோசனைகளை மட்டும் முதலில் காணொளிக்கு மாற்றுங்கள். எக்ஸ்ரே எடுத்து அனுப்பிய பிறகே நேரம் ஒதுக்குங்கள். முதல்முறை வலியோடு வருபவரைக் காணொளிக்கு அனுப்ப வேண்டாம். தோல்நோய்க்குப் படம் அனுப்பும் முறையே போதும். தேவைப்படும் சிலருக்கு மட்டும் காணொளி. நரம்பியலில் பக்கவாதத்துக்கான இணைப்பை, இருபத்து நான்கு மணி நேரமும் அழைத்தால் பதில் சொல்லும் நிபுணர் குழு மறுமுனையில் இருக்கிறது என்று உறுதியான பிறகு தொடங்குங்கள். பகலில் மட்டும் இயங்கும் இணைப்பு அந்த நோய்க்கு உதவாது. பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நோயாளிகளின் தொடர் ஆலோசனை அதே அறையில், அதே செவிலியரோடு நடக்கலாம். அப்போது நிலையான செலவு எல்லாப் பிரிவுகளுக்கும் பங்கிடப்பட்டு, தொடக்க எண்ணை எட்டுவது எளிதாகும்.

முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வையுங்கள். செவிலியர் இணைப்புக்காகச் செலவிட்ட நிமிடம், மருத்துவர் பேசிய நிமிடம், நோயாளி எங்கிருந்து வந்தார், துணைக்கு யார் வந்தார், அவருக்கு அன்று எவ்வளவு வருமானம் போயிற்று என்பவற்றோடு, கடைசியாக ஒரு கட்டம் இருக்கட்டும்: அடுத்த முப்பது நாளில் இதே தொல்லைக்காக இவர் எங்காவது நேரில் போய் மருத்துவரைப் பார்த்தாரா? செவிலியர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு அதை நிரப்பட்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்ற விடைகளை எண்ணி, துறை வாரியாகப் பிரித்து, அந்த விகிதத்தை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்தால், எந்தத் துறையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று உங்கள் குழுவே முடிவு செய்துகொள்ளலாம்.